அலுமாரியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர்

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் இரண்டு வகையாகிவிடும். ஒன்று நுளம்பு, மற்றது பூஞ்சணம். இம்முறை பூஞ்சணம் முந்திக்கொண்டது. ஒரு கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகளின் அறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்து, புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் பெயின்ற் அடித்தோம், ஜூனில் திரும்ப வந்துவிட்டது. ஆறு வயது மகனுக்கு இரவில் இருமல், விடியப்புறம் நெஞ்சில் விசில் அடிப்பது போலச் சத்தம். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட்டால் போய்விடும் என்கிறார் மாமி. யன்னலைத் திறந்து வை, ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கு என்கிறார் லண்டனில் இருக்கும் அக்கா. நீங்கள் உடுப்பை உள்ளே காயப்போடுவதால்தான் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
– திருமதி ச., கொழும்பு 6

பதில்: மகள், உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது சுவர் இல்லை, அந்த விசில் சத்தம். சுவர் காயும்வரை அதற்குக் காத்திருக்கக் கூடாது. இரவில் கூடும் இருமலும் விடியப்புறத்து இழுப்பும் ஆஸ்துமாவாக இருக்கலாம். குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். பொரளையில் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலை, காசு கேட்கமாட்டார்கள். பம்ப் (இன்ஹேலர்) தந்தால் பயப்படாமல் பாவியுங்கள். ‘பம்ப் பழகினால் பிறகு விடாது’ என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், நான் சேவைக்காலம் முழுவதும் கேட்ட கதை அது. பம்ப் மருந்து நேரே சுவாசக் குழாய்க்குப் போகிறது. அதனால் பாணியாகக் குடிப்பதைவிட மிகக் குறைந்த அளவே போதும். பிள்ளை மூச்செடுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால், ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்கத் திணறினால், உதடு நீலம் பாரித்தால், உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இருமலுக்குப் பூஞ்சணம்தான் காரணமா? அந்தச் சுவரில் இருந்து பறக்கும் வித்திகள், அதாவது பூஞ்சணத்தின் கண்ணுக்குத் தெரியாத விதைகள், சுவாசக் குழாயை எரிச்சல்படுத்தும், அலர்ஜி உள்ளவர்களுக்கு இழுப்பைத் தூண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, இருமல், சுவாசத் தொற்றுகள் எல்லாம் கூடுதலாக இருப்பதைச் சொல்கிறது. ஆனால் ஈரலிப்பான அறையில் பூஞ்சணம் தனியே குடியிருப்பதில்லை. மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகளும் அதே ஈரத்தில்தான் பெருகும். எது குற்றவாளி என்பதை உங்கள் சுவரைப் பார்த்து நான் சொல்ல முடியாது. மகனை இன்றிரவே வேறு அறையில் படுக்க வையுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு எந்த இரவு இருமினான், எந்த இரவு இருமவில்லை என்று எழுதுங்கள். வைத்தியருக்கு அந்தக் கொப்பி பெரிய உதவியாக இருக்கும்.

இனிச் சுவருக்கு வருவோம். சேவையில் இருந்த காலத்தில் நான் செய்த வேலையில் பாதி, நுளம்புக்காக மற்றவர் வீட்டில் தண்ணீர் தேடியதுதான். பூச்சாடித் தட்டு, பீலி, பிரிஜ்ஜின் பின்தட்டு என்று எல்லாம் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். பூஞ்சணத்துக்கும் அதே வேலைதான். வித்திகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன, என் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றுக்கு இல்லாதது தண்ணீர் மட்டும். ஈரம் கிடைத்தால் ஒன்று இரண்டு நாளிலேயே முளைக்கத் தொடங்கும். நீங்கள் ஏப்ரலில் பெயின்ற் அடித்தீர்கள், தண்ணீரை நிறுத்தவில்லை. பெயின்றுக்குக் கீழே பூஞ்சணம் இருந்தபடியே இருந்து, மேலேயும் வந்துவிட்டது.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டில் மூன்று வழி இருக்கலாம்: சுவருக்குள் இருந்து, வெளிச்சுவர் மழையில் இருந்து, அறைக் காற்றில் இருந்து. கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அலுமாரியை இழுங்கள். (பொருட்களை எடுத்துவிட்டு இழுங்கள், இடுப்பு பிடித்தால் அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டி வரும்.) சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, சுவரின் ஈரமான பகுதியைத் துணியால் ஒற்றிவிட்டு, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் பனித்திருந்தால் காற்றில் இருக்கிறது. அதோடு, கறுப்புப் பகுதியின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். பிறகு அந்த பாத்ரூமில் ஒரு கிழமை குளிக்காதீர்கள். இன்னொரு பாத்ரூம் இல்லாவிட்டால் உறவினர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், கொழும்பில் யாருக்கும் அது புதிது இல்லை. கோட்டுக்குள் ஈரம் பின்வாங்கினால் திருடன் பிடிபட்டான்: தரை ஓடுகளின் இடைவெளி, கழிவுக் குழாய், குழாய் மூட்டு, இந்த மூன்றில் ஒன்று. முழங்கால் உயரத்தில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியதை வைத்து என் சந்தேகமும் பாத்ரூம் மேல்தான். அறைக் காற்று காரணம் என்றால் பெரும்பாலும் மூலைகளிலும், ஏசிக் காற்று நேரே படும் இடத்திலும்தான் முதலில் கறுக்கும்.

சுவரில் வெள்ளையாகப் பஞ்சு போல, மா போல ஏதாவது இருந்தால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் அது சீமெந்தின் உப்பு, பூஞ்சணம் இல்லை. ஆனால் உப்புப் பூத்த சுவருக்குள்ளும் தண்ணீர் நடமாடுகிறது என்றுதான் அர்த்தம்.

இதையெல்லாம் பெரிய கெட்டிக்காரன் போலச் சொல்கிறேன், என் கதையையும் கேளுங்கள். தெஹிவளையில் எங்கள் பின் அறைச் சுவருக்கு நான் மூன்று முறை பெயின்ற் அடித்தேன். மேல்மாடிக்காரரோடு இரண்டு முறை வாய்த்தர்க்கம். கடைசியில் என் மனைவிதான் ஒருநாள் பின்னேரம் அந்தச் சுவரில் காதை வைத்து, ‘இங்கே சொட்டுது’ என்றார். எங்கள் சொந்த ஏசியின் கழிவுத் தண்ணீர்க் குழாய் சுவருக்குள்ளே கழன்றிருந்தது. மேல்மாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் தேநீர் தந்தார், ஆனால் சிரித்துக்கொண்டே தந்தார்.

இப்போது உங்கள் அக்கா. அவர் சொல்வது லண்டனுக்கு முழுக்கச் சரி. குளிர்காலத்தில் அங்கே வெளிக்காற்றில் தண்ணீர் மிகக் குறைவு. அது உள்ளே வந்து சூடாகும்போது உலர்ந்த காற்றாகிவிடும். அதனால் யன்னலைத் திறந்தால் வீடு காயும். நம்முடைய காற்று அப்படியா? ஜூன் மாதம் காலி வீதிக்குக் கடல் பக்கம் ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் ஒன்றை மேசையில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் வெளிப்பக்கம் வியர்த்து, மேசையில் வட்டம் விழும். கிளாசுக்குச் செய்வதைத்தான் அந்தக் காற்று 18 பாகையில் ஏசி போட்டுக் குளிர்ந்த சுவருக்கும் அலுமாரி முதுகுக்கும் செய்கிறது. ஆகவே இங்கே விதி வேறு. ஏசி ஓடும்போது யன்னலும் கதவும் இறுக்கப் பூட்டியிருக்க வேண்டும், 18 வேண்டாம், 26 போதும். ஏசியை நிறுத்திய பிறகு அறையையும் அலுமாரியையும் திறந்து ஃபானைப் போடுங்கள். ஏசி இல்லாத அறை என்றால் காற்று அசைந்துகொண்டிருந்தாலே பெரும்பாலும் போதும். மேற்கில் இருந்து மழை சாய்த்து அடிக்கும் நேரத்தில் மட்டும் அந்தப் பக்க யன்னலைச் சாத்துங்கள். அலுமாரியைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளியே வையுங்கள், இனி எந்த வீட்டுக்குப் போனாலும்.

ஈரம் உறிஞ்சும் மெஷின் பூட்டிய அறையில் நன்றாக வேலை செய்யும். யன்னலைத் திறந்துவிட்டு அதை ஓடவிட்டால் வெள்ளவத்தைக் கடலை இறைக்கப் பார்ப்பது போலத்தான், மின்கட்டணம் மட்டும் வரும். சுவருக்குள் குழாய் ஒழுகினால் மெஷினும் தோற்றுவிடும். அதற்கு முன்பு ஒரு சின்ன ஈரப்பதன்மானி வாங்குங்கள், அது மலிவான சாமான். அறைக்குள் ஈரப்பதனை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க முடிந்தால் நல்லது. மழைக்காலத்தில் ஏசியோ மெஷினோ இல்லாமல் நம் ஊரில் அது முடியாது, அதற்காக மனம் உடைய வேண்டாம்.

மாமியிடம் சண்டை போடாதீர்கள். சாம்பிராணி மணத்தை மறைக்கும், பூஞ்சணத்தைத் தொடாது. அந்தப் புகையே இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. நுளம்புச் சுருளும் அப்படித்தான். சாமியறையில் போட்டு, மகன் பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் புகை போகும்படி பார்த்துக்கொண்டால் மாமியின் மனமும் நோகாது.

வீட்டுக்காரர் சொன்னதிலும் ஒரு பிடி உண்மை உண்டு. ஒரு மெஷின் உடுப்பு காயும்போது இரண்டு லீற்றர் தண்ணீர் வரை அறைக் காற்றில் கலக்கும். உடுப்பைப் பல்கனிக்கு மாற்றுங்கள். ஆனால் உடுப்பு ஈரம் முழங்கால் உயரத்தில் கோடு பிடித்து நிற்காது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், பூஞ்சணம் பிடித்த தொடர்மாடி வீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை சுவாச நோயால் இறந்தது. நீண்டகாலப் பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தத் தகப்பன் முறையிட்டபோது கிடைத்த பதில், மேலால் பெயின்ற் அடியுங்கள் என்பது. குடும்பத்தின் பழக்கவழக்கத்திலும் பழி போட்டார்கள். அங்கே அதற்குப் பிறகு சட்டமே வந்தது. உங்களைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. பென்சில் கோட்டையும் அலுமினியத் தாளையும் திகதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும், படத்தை மறப்பது கஷ்டம்.

ஒழுக்கைத் திருத்திய பிறகுதான் துப்புரவு. மகன் வீட்டில் இல்லாத நேரம் பாருங்கள். அறைக்கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, ஃபானை நிறுத்துங்கள். N95 மாஸ்க், கையுறை போடுங்கள். காய்ந்த தும்புத்தடியாலோ பிரஷ்ஷாலோ தட்டவே கூடாது, ஒரு தட்டில் அறை முழுக்க வித்தி பறக்கும். சலவைத்தூள் கரைத்த தண்ணீரால் முதலில் நனைத்து, பழைய துணியால் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பி அலசாமல் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். அப்புறம் ஃபான் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி அளவு என்றால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் என்றால், அல்லது விரலால் அழுத்தும்போது பூச்சு பொருபொருவென்று உதிர்ந்தால், மேசன் பாஸைக் கூப்பிட்டுப் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். புதுப் பூச்சுக்கு நாலு கிழமையாவது கொடுங்கள். ‘நாளைக்கே பெயின்ற் அடிக்கலாம்’ என்று பாஸ் சொல்வார். அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குளோரின் பிளீச் தேவையா? ஓடு, கண்ணாடி போன்ற வழுவழுப்பான இடங்களில் உதவும். சீமெந்துச் சுவரில் மேல் நிறம் போகும், உள்ளே இருப்பது இருக்கும். செத்த பூஞ்சணமும் அலர்ஜி தரும் என்பதால் கொல்வதைவிடத் துடைத்து எடுப்பதுதான் முக்கியம். அப்படியும் பாவித்தால், டொய்லெட் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு நான் போனபோது, இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று நினைத்து ஊற்றிய அம்மா வாசற்படியில் இருந்து கண்ணீர் ஓட இருமிக்கொண்டிருந்தார். வந்தது குளோரின் வாயு. அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானும் பிளீச்சோடு சேரக் கூடாது.

கேள்வி: சுவரில் வரும் கறுப்புப் பூஞ்சணம் விஷம், கண்ணைப் பறிக்கும், மூளைக்குப் போகும் என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. எங்கள் சமையலறைச் சுவரில் இருப்பதும் கறுப்புத்தான். எந்த இனம் என்று பரிசோதனை செய்ய வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வத்தளை

பதில்: சேர், இரண்டு வேறு கதைகளை ஒரே வீடியோவில் கட்டிவிட்டிருக்கிறார்கள். கண்ணைப் பறித்தது 2021இல் இந்தியாவில் கொவிட் நோயாளிகளிடம் பரவலாகக் கண்ட மியூக்கோர்மைக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று, ‘கறுப்புப் பூஞ்சை’ என்று சொன்னார்களே, அதுதான். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும் ஸ்டீரொய்ட் மருந்து அதிகம் எடுத்தவர்களையும் அது தாக்கியது. ‘கறுப்பு’ என்ற பெயர், அந்த நோயில் இறந்துபோகும் தசை கறுப்பதால் வந்தது. உங்கள் சுவரின் கறுப்புக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

இரண்டாவது கதை அமெரிக்காவில் இருந்து வந்தது. 1990களில் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட்டபோது, ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சணத்தைச் சந்தேகித்தார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அந்த ஆய்வுகளைத் திரும்பப் பார்த்து, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது. பயம் மட்டும் நிற்கவில்லை, இப்போது வத்தளைக்கும் வந்துவிட்டது.

நிறத்தைப் பார்த்து இனத்தைச் சொல்ல முடியாது, எந்த இனமானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். பரிசோதனைக் காசை ஒழுக்கைத் திருத்தச் செலவழியுங்கள். ஒரு விலக்கு உண்டு: வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ, சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றியவரோ இருந்தால், அவர்களுக்குச் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் கூட நுரையீரலில் பெரிய ஆபத்தாகலாம். துப்புரவு செய்யும் நாளில் அவர்கள் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.

கேள்வி: என் கூறைச்சேலையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பதினெட்டு வருடமாக பொலித்தீன் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். காப்பாற்ற முடியுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அந்தப் பைதான் கெடுத்தது. உள்ளே அகப்பட்ட ஈரம் போக வழியில்லை. மழையில்லாத நாளில் பல்கனி நிழலில் விரித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தடவி எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், பட்டின் நிறம் வெளிறும். பிளீச் பக்கமே போகக் கூடாது. அப்புறம் பட்டு பழக்கமுள்ள டிரைகிளீனரிடம் கொடுத்து, பூஞ்சணம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஐயாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்றில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், சரிகை மடிப்பில் வெடிக்காமலும் இருக்கும். நப்தலீன் உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை உடுப்போடு வைக்கவே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும்.

கறையாகப் பதிந்த இடம் முழுதாகப் போகாமல் இருக்கலாம். என் மனைவியின் கூறையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கொசுவத்துக்குள் போகும் பக்கம், யாருக்கும் தெரியாது.

கேள்வி: பாணில் ஒரு மூலையில் மட்டும் பச்சையாகப் பூத்திருந்தால் அதை வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா? விலை விற்கிற விலையில் எறிய மனம் வரவில்லை.
– கிருலப்பனை வாசகர்

பதில்: எறியுங்கள். பாண் மென்மையானது, நீங்கள் பார்க்கும் பச்சை பூ மட்டும்தான், வேர் துண்டுக்குள் ஓடியிருக்கும். நிலக்கடலை, செத்தல் மிளகாய், கொப்பறா மூன்றிலும் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் பிடிக்கும் ஒரு பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை விடும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம்; வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அவற்றின் தீனியில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பழுதா நல்லதா என்று பார்க்கப் பாணை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், வித்தி எல்லாம் நேரே உள்ளே போகும்.